பெயர்க்கப்பட்டோரும் பேசவந்தோரும்

பறம்பு வீழ்ந்தபின் பாரி மகளிர் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராகச் சென்ற செய்தியைப் புறநானூறு காட்டுகிறது. விச்சிக்கோனை அணுகினார், அவன் மறுத்தான். இருங்கோவேளை அணுகினார்; அவனும் மறுத்தான். போரினால் இருப்பிடம் இழந்தோர்க்காக மற்றொருவர் ஆட்சியாளர் முன் நின்று வாதாடிய தமிழ்ச் சான்றுகளுள் இதனினும் பழையது காண்பது அரிது. வகுப்பறைகளில் இப்பகுதியை நடத்தும் ஆசிரியர்கள் கபிலரது நட்பின் பெருமையைச் சொல்லி முடித்துவிடுவதே வழக்கம். ஆயினும் தொகுத்தவர்கள் செய்த அரியதொரு செயல் இங்குண்டு. கபிலரின் பாடல்களை மட்டும் வைத்து அவர்கள் நிறைவடையவில்லை. அம்மகளிர் தாமே பாடியதாக வழங்கும் ஐந்தடிப் பாடல் ஒன்றையும் அதே நூலில் சேர்த்து வைத்தனர். கடந்த திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் ஒப்பிட்டுத் தந்தையும் குன்றும் போன துயரை அப்பாடல் சொல்கிறது. வழக்குரைத்தவரின் குரலும் வழக்குக்குரியவரின் குரலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருவருக்காக மற்றவர் பேசும்போது பேசப்படுபவரின் வாய் அடைக்கப்படுகிறதா, திறக்கப்படுகிறதா என்னும் வினாவிற்கு அந்நூலின் அமைப்பே ஒருவகை விடையாக உள்ளது.

இவ்வினாவை வடசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் வைத்து எழுப்புவது பொருத்தமுடையது. உலு யாம் என்ற பெயரைக் கேட்டவுடன் இக்காலத்தவர்க்கு நினைவுக்கு வருவன அருவியும் ‘லோ மீ’ உணவுமே. விடுமுறை நாள்களில் கோலாலம்பூரிலிருந்து வரும் கார்கள் அவ்வூரைக் கடந்து மலையடிவாரம் நோக்கிச் செல்கின்றன. அச்சாலையின் இருபுறமும் ஒருகாலத்தில் முள்கம்பி வேலி இருந்ததையும், அவ்வேலிக்குள் மக்கள் கொண்டுவந்து அடைக்கப்பட்டதையும் அறிந்தோர் சிலரே. உலு யாம் பாரு அவசரகாலத்துப் புதுக்கிராமங்களுள் ஒன்று. அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள பத்தாங் காலியில் நடந்ததும், அதன்பின் அறுபது எழுபது ஆண்டுகள் அதைப்பற்றிப் பேசியவர் பேசியதும் முதலில் கருதத்தக்கன. அவற்றை நோக்கிய பின்னரே அதே மண்ணில் வாழ்ந்த தமிழ்த் தோட்டப் பாட்டாளியின் நிலை விளங்கும்.

1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். மலாயா முழுவதும் அவசரகாலச் சட்டத்தின்கீழ் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில் பத்தாங் காலியை அடுத்த சுங்கை ரெமோக் தோட்டத்திற்குள் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் நுழைந்தனர். பெண்களும் பிள்ளைகளும் தனியே பிரிக்கப்பட்டு லாரியில் ஏற்றி அப்புறப்படுத்தப்பட்டனர். ஆயுதம் ஏதுமற்ற சீனத் தொழிலாளர் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த கொங்சி வீடுகள் எரிக்கப்பட்டன. தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்று அரசு அறிவித்தது. கணவரை இழந்த பெண்கள் உலு யாம் பக்கம் வந்து சேர்ந்தனர். மாண்டோர் உலு யாம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டனர். அதன்பின் பல ஆண்டுகள் வெளியுலகில் இதைப்பற்றிய பேச்சே இல்லை.

பேச்சு தொடங்கியது இலண்டனில் என்பது வியப்புக்குரியது. 1970ஆம் ஆண்டு ‘தி பீப்பிள்’ என்னும் ஆங்கில ஏட்டில், அப்படைப்பிரிவில் பணியாற்றிய வீரர்கள் சிலரே தம் உறுதிமொழி வாக்குமூலங்களை வெளியிட்டனர். சுட்டவரின் மனச்சான்று, சுடப்பட்டவரின் உறவினர் வாய் திறக்குமுன் பேசிவிட்டது. பிரித்தானிய அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. அவ்வாண்டே ஆட்சி மாறியதும் சான்று போதாதென்று அது கைவிடப்பட்டது. 1992இல் பி.பி.சி. நிறுவனம் ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பிய பின்னரே இந்நாட்டில் அசைவு தோன்றியது. 1993இல் பிரித்தானிய அரசியார்க்கு மனு அனுப்பப்பட்டது. மலேசியக் காவல்துறை விசாரித்தது. வழக்கு எதுவுமின்றி அதுவும் முடிந்தது. 2008இல் உறவினரும் வழக்கறிஞர்களும் பொது அமைப்பினரும் சேர்ந்து நடவடிக்கைக் குழு ஒன்றை அமைத்தனர். மனு மறுக்கப்பட்டபோது அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2012இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது இங்கிருந்து சென்ற முதியோர் சிலர் நேரில் அமர்ந்து கேட்டனர். முக்கியச் சாட்சியாகிய மூதாட்டி அதற்கு ஈராண்டு முன்பே மறைந்துவிட்டார். எனினும் அவர் சொன்னது முன்னரே எழுதிப் பதியப்பட்டிருந்தமையால் அவர் குரல் அம்மன்றத்தில் ஒலித்தது.

தீர்ப்பு அவர்களுக்குச் சார்பாக அமையவில்லை. பொது விசாரணை நடத்தும் கடப்பாடு அரசுக்கு இல்லை என்று 2012இலும், மேல்முறையீட்டில் 2014இலும், உச்சநீதிமன்றத்தில் 2015 நவம்பரிலும் முடிவாயிற்று. உச்சநீதிமன்ற நீதிபதியர் ஐவருள் ஹேல் அம்மையார் ஒருவரே மாறுபட்டார். காலம் கடந்துவிட்டது என்பதே பெரும்பான்மையோர் கருத்தின் சாரம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2018இல் மனுவை ஏற்கவில்லை. எனினும் கொல்லப்பட்டோர் தப்பியோடினர் என்னும் பழைய அரசுக் கூற்று இவ்வழக்குகளின் வழி நிலைகுலைந்தது. திட்டமிட்டுச் சுட்டதற்குச் சான்று உண்டு என்பதை நீதிபதிகளே எழுதினர். இழப்பீடாக ஒரு காசும் பெறாத மக்கள் இச்சொற்களைப் பெற்றனர்.

இம்முயற்சியைப் புகழ்வோர் பலர். அதன் குறைகளையும் சொல்லவேண்டும். வழக்கு மொழிக்கு ஒரு வன்மை உண்டு. ஒரு வறட்சியும் உண்டு. அது மனிதரைச் சான்றாக மாற்றுகிறது. எந்த நாள், எந்தப் பொழுது, யார் எங்கே நின்றார் என்று கேட்கும். நாற்பது ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து பிள்ளைகளை எப்படி வளர்த்தாய் என்று கேட்காது. இடம்பெயர்ந்த வாழ்வின் பெரும்பகுதி அந்தக் கேட்கப்படாத பகுதியிலேயே உள்ளது. எனினும் நடவடிக்கைக் குழு செய்த நற்செயல் ஒன்றை மறுக்க இயலாது. மாண்டோர் பெயர்களை அது தொலையவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் அவர்களை நினைவுகூர்ந்தது. பேச வல்லவரைத் தேடிச் சென்று, அவர் இறக்குமுன் எழுதி வைத்தது. ஒரு சமூகத்தின் பொது அமைப்புகள் செய்யக்கூடிய பணிகளில் இதனினும் எளியது இல்லை. இதனினும் அடிக்கடி மறக்கப்படுவதும் இல்லை.

இனி அதே வட்டாரத்துத் தமிழரைக் காண்போம். பத்தாங் காலி வரலாறு ஓரளவேனும் அறியப்பட்டது. தோட்ட லயங்கள் பெயர்க்கப்பட்ட வரலாறோ பெயரளவில்கூட அறியப்படவில்லை. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தைப் பற்றி எழுதுவோர் புதுக்கிராமங்களையே எழுதுகின்றனர். காட்டோரங்களில் புறம்போக்கு நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்த ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சீனர், ஏறத்தாழ 480 புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். உண்மையே. ஆனால் திட்டத்திற்கு மற்றொரு பகுதியும் இருந்தது. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகள் ஓரிடத்தில் ஒன்றுகூட்டப்பட்டு வேலியிடப்பட்டன. இவ்வாறு பெயர்க்கப்பட்டோர் ஏறத்தாழ ஆறரை இலட்சம் என்று கெர்னியல் சிங் சந்து தம் ஆய்வில் கணக்கிட்டார். புதுக்கிராமங்களுக்குச் சென்றோரினும் இத்தொகை பெரிது. அவர்களுள் மிகப் பலர் தோட்டத் தமிழர். சிறுபான்மைத் தொகையினர்க்கு ஊர்ப்பெயரும் வரலாறும் கிடைக்க, பெருந்தொகையினர்க்கு இரண்டும் இல்லாமற் போயின.

இதற்குக் காரணம் என்ன? ஒரு காரணம் தொலைவு. புதுக்கிராமத்தார் வேறோர் இடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். தோட்டத் தொழிலாளி பெரும்பாலும் அதே தோட்டத்தின் ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவிற்கு, ஒன்றிரண்டு கல் தொலைவிற்குள் மாற்றப்பட்டான். துரை அதே துரை. கிராணி அதே கிராணி. பெரட்டுக்களம் மட்டுமே மாறியது. ஆகவே இது இடப்பெயர்வே அன்று என்பாரும் உளர். கல் கணக்கில் இடப்பெயர்வை அளப்பவர் அவ்வாறு கூறலாம். லயத்தின் பின்புறம் வெட்டிப் பண்படுத்திய கீரைப் பாத்தியும், மாட்டுக்கொட்டிலும், முருங்கையும், பழைய பிரிவின் ஓரத்தில் நட்டுவைத்த முனியாண்டி சூலமும் கைவிடப்பட்டன. புதிய லயத்தைச் சுற்றி முள்கம்பி, இரவு ஊரடங்கு, வாயிலில் சோதனை. காட்டிலிருப்போர்க்கு உணவு போகாமல் தடுக்க அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. பால்வெட்டச் செல்வோர் சோறு கட்டிக்கொண்டு போகவும் தடை இருந்தது. விடியுமுன் எழுந்து வெறுவயிற்றோடு மரத்தடிக்குச் சென்று, பால் எடுத்து முடித்துத் திரும்பிய பின்னரே உண்ணவேண்டும். வடக்கே எல்லை தாண்டியுள்ள தஞ்சோங் மாலிமில் 1952ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓர் ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கும் அரிசிக் குறைப்பும் தண்டனையாக விதிக்கப்பட்டன என்பதை நினைத்தால், அக்காலத்து வாயிற் சோதனையின் கடுமை ஒருவாறு புலப்படும்.

மற்றொரு காரணம் சொல்லில் உள்ளது. புதுக்கிராமம் என்ற பெயர் அரசு சூட்டியது. புதுமையும் கிராமமும் சேர்ந்த அழகிய தொடர். தோட்டங்களில் நடந்ததற்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல் ஒன்றுதிரட்டல் என்னும் பொருளது. மந்தையை ஒன்றுதிரட்டுவது போன்ற அச்சொல்லில் பெயர்க்கப்பட்டவன் இல்லை, பெயர்த்தவனும் இல்லை. பின்னர் வந்த தமிழ் எழுத்துகளில் ‘தொழிலாளர்கள் இடம் மாற்றப்பட்டனர்’ என்னும் செயப்பாட்டு வாக்கியமே திரும்பத் திரும்ப வருகிறது. இலக்கணம் கற்பிப்போர் மாணவனிடம் ‘எழுவாய் எங்கே?’ என்று கேட்பர். இவ்வாக்கியத்தில் செய்தவன் யார் என்று கேட்டால் விடையில்லை. செயப்பாட்டு வினை தமிழில் முன்பும் உண்டு. ஆயினும் அது அரசாணையின் நடையாகவும், அரசாணைக்கு அஞ்சி எழுதுவோரின் நடையாகவும் ஆனது இக்காலத்திலேயே எனலாம்.

அச்சம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் 1948 ஜூனில் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராயிருந்த தமிழர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். விசாரணையின்றிக் காவலில் வைக்கவும் நாடு கடத்தவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. இந்நிலையில் வேலியைப் பற்றிப் பேச எந்தத் தோட்டத்துத் தண்டல் துணிவார்? இதனுடன் வேறொரு தடையும் இருந்தது. புதுக்கிராமம் அரசு நிலத்தில் அமைந்தது. அங்கே 1949இல் தோன்றிய மலாயாச் சீனர் சங்கம் லாட்டரி நடத்திப் பணம் திரட்டி உதவ முடிந்தது. செஞ்சிலுவைத் தாதியரும் கிறித்துவச் சமயத் தொண்டரும் உள்ளே செல்ல முடிந்தது. தோட்டமோ தனியார் சொத்து. நிர்வாகத்தின் இசைவின்றி வெளியார் எவரும் நுழைய இயலாது. அரசு பெயர்த்தது, நிர்வாகம் அடைத்தது, இடையில் வேறெவர்க்கும் இடமில்லை. 1954இல் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் தலைமையில் அது சம்பளத்திற்காகப் போராடியது. அதில் வெற்றியும் கண்டது. சம்பளம் பேசத்தக்க பொருளாயிருந்தது. விட்டுவந்த வீடு அவ்வாறு இல்லை.

மலாயாச் சீனர் சங்கத்தின் உதவி தூய அருளால் மட்டும் விளைந்தது என்று கொள்ள வேண்டா. புதுக்கிராமத்தார் நாளைய வாக்காளர் என்பதை அதன் தலைவர்கள் அறிந்திருந்தனர். பிறர்க்காகப் பேசுவோர் அனைவரும் தமக்கும் சிறிது சேர்த்தே பேசுகின்றனர். அதில் குற்றம் இல்லை. பேசவே வராமையோடு ஒப்பிட்டால் அது சிறு குறையே.

இலக்கிய உலகம் என்ன செய்தது என்பது திறனாய்வாளரின் தனிக் கவனத்திற்குரியது. 1950இல், அதாவது வேலிகள் எழத் தொடங்கிய அதே ஆண்டில், ‘தமிழ் நேசன்’ ஏட்டில் கதை வகுப்பு தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய அவ்வகுப்பு இந்நாட்டுச் சிறுகதை வரலாற்றில் ஒரு திருப்பம். தோட்டப்புற இளைஞரும் ஆசிரியரும் அதில் கதை எழுதக் கற்றனர். உத்தி, உரையாடல், தொடக்கம், முடிவு எனக் கலையின் கூறுகள் அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டன. மாலையில் வேலி வாயில் அடைபட்ட பின் மண்ணெண்ணெய் விளக்கொளியில் அமர்ந்து, காதலையும் குடியின் கேட்டையும் கைம்பெண் மறுமணத்தையும் எழுதிய இளைஞர் அக்காலத்தில் எத்தனை பேரோ! அவர்கள் எழுதியவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அவர்தம் கண்முன் நின்ற வேலி, அந்தத் தலைமுறையின் புனைவுகளில் அதற்குரிய இடத்தைப் பெறவில்லை. அச்சத்தால் அன்று எழுதாமையைப் பொறுத்துக்கொள்ளலாம். அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. அதன்பின் எழுதாமைக்கு அச்சம் காரணமாகாது.

அதே காலத்தில் தமிழ் அமைப்புகள் சோர்ந்து கிடந்தன என்று எவரும் கூறார். கோ. சாரங்கபாணியார் 1952 முதல் தமிழர் திருநாளை ஊரெங்கும் நடத்தச் செய்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி அவர் எழுப்பிய ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் குரல் தோட்டங்கள்தோறும் எட்டியது. வேலிக்குள் இருந்த பால்வெட்டுக்காரர் தம் சம்பளத்திலிருந்து சிறு தொகை எடுத்துத் தந்தார். அப்பணத்தில் நூல்கள் வந்தன. தமிழ் படித்துப் பட்டதாரிகள் வந்தனர். அப்பட்டதாரிகள் சங்க இலக்கியத்தை ஆய்ந்தனர், பக்தி இலக்கியத்தை ஆய்ந்தனர், நல்லதே. கொடுத்தவர் எங்கிருந்து எங்கே பெயர்க்கப்பட்டார் என்பதை ஆய முற்பட்டோர் எத்தனை பேர்? மொழிக்காக மக்களைத் திரட்டத் தெரிந்த அமைப்புகள், அம்மக்களின் வரலாற்றுக்காக அம்மொழியைத் திரட்டத் தவறின.

சயாம் மரண இரயில் பாதையின் வரலாறு இவ்வகையில் ஓரளவு நற்பேறு பெற்றது. சப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட தமிழர்க்கு, அரை நூற்றாண்டு கழிந்த பின்னராயினும், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் கிடைத்தன. அங்கே கொடுமை செய்தவன் அயலான். போரில் தோற்றுப் போனவன். அவனைப் பற்றி எழுத எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அவசரகாலத்தில் நிலை வேறு. வேலி போட்டவன் வெற்றி பெற்றவன். அவனிடமிருந்து ஆட்சியைப் பெற்றவர்களும் அவ்வேலியைக் குற்றமாகக் கருதவில்லை. காட்டிலிருந்து வந்தவர்களும் தோட்டத்தாரை வருத்தினர், வரி கேட்டனர், காட்டிக்கொடுத்தான் என்று கொன்றனர். இருபுறமும் அஞ்சி நடுவில் நின்றவனைக் கதைமாந்தனாக்குவது எளிதன்று. எளிதன்று என்பதனாலேயே அது நாவலுக்குரிய பொருளாகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து சென்ற அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார்; விருந்தினர் கண்ட அளவிற்கேனும் வீட்டார் காணவேண்டும் அன்றோ? முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாடு விட்டு நாடு’ போன்ற தன்வரலாறுகள் இவ்விடத்தில் தனி மதிப்புடையன. நாவலாசிரியர் பேசத் தயங்கிய இடத்தில், வாழ்ந்தவர் தாமே பேனாவை எடுத்தார்.

அவசரகாலப் பெயர்வு முடிந்தவுடன் அடுத்தது தொடங்கிற்று. வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் துண்டு துண்டாக்கி விற்றனர். உங்கு அசீஸ் தலைமையிலான குழு 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கை இத்துண்டாடலின் விளைவுகளை விரிவாக ஆராய்ந்தது. முன்பு வேலிக்குள் தள்ளப்பட்டவர் இப்போது வேலியே இல்லாத வெளியில் தள்ளப்பட்டார். இம்முறை ஒருவர் பேச வந்தார். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரைப் பங்குதாரராக்கினார். பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். மனு எழுதும் மரபிலிருந்து விலகி, பெயர்க்கப்படுவோரையே உடைமையாளராக்க முயன்ற துணிவு அதில் இருந்தது. பங்கு வாங்கியவர் ஆண்டுக்கூட்டத்தில் கைதூக்குவதற்கு அப்பால் எவ்வளவு பேச முடிந்தது என்பது வேறு வினா. காப்பாற்றப்பட்ட தோட்டங்கள் சில, துண்டாடப்பட்டவை பல.

1990களில் மூன்றாம் அலை எழுந்தது. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டங்களில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை, வீடு தரப்படும் என்னும் வாக்குறுதியோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தன. அவர்களுக்காகப் பேசியோர் தொகை சிறிதன்று. கட்சியினர் பேசினர், சமூக இயக்கத்தினர் பேசினர், தேர்தல்தோறும் வேட்பாளர் பேசினர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மகஜர் இருந்தது.

இந்த மகஜர் என்பதைத் தமிழ் உரைநடையின் ஒரு வகையாகக் கொண்டு எவரும் இதுவரை நோக்கியதாகத் தெரியவில்லை. நோக்கினால் பயன் உண்டு. அது ‘மாண்புமிகு’ என்று தொடங்கும். ‘பல்லாண்டுக் காலமாக இந்நாட்டின் வளத்திற்கு உழைத்த’ என்று தொடரும். குடும்பங்களின் எண்ணிக்கையைச் சொல்லும். ‘பரிவுடன் கவனிக்க’ வேண்டும். இறுதியில் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் கையொப்பமிடுவர். குடும்பங்களின் பெயர் இணைப்பில் இருக்கும், அல்லது இருக்காது. எந்தப் பிரிவில் எந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் இருந்தனர், முன்பு எங்கிருந்து பெயர்க்கப்பட்டு அங்கே வந்தனர் என்னும் செய்தி ஒன்றும் இராது. உரிமை கேட்கும் இடத்தில் பரிவு கேட்கப்படுகிறது. பரிவு கேட்கப்பட்டமையால் அது தேர்தற் பரிசாகத் திருப்பித் தரப்படுகிறது. நிர்வாகம் வெளியேற்ற அறிக்கை அனுப்பும்போது ஒவ்வொரு குடும்பத் தலைவனின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பிழையின்றி எழுதுகிறது. வெளியேற்றுபவனுக்குத் தெரிந்த பெயர்கள், பேச வந்தவனுக்குத் தெரியவில்லை. இதற்கு விலக்காக நடந்தோரும் உளர். தொழிலாளரையே குழுவாக அமைத்து, அவரையே பேச்சுவார்த்தைக்கு அழைத்துச் சென்ற இடங்களில் வெற்றியாயினும் தோல்வியாயினும் அவர்க்குரியதாகவே இருந்தது.

போரினால் சொந்த நாட்டிற்குள்ளேயே இடம்பெயர்ந்தோர் பற்றி ஐ.நா. சார்பில் 1998இல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே வலியுறுத்துகின்றன. சூடான் நாட்டவராகிய பிரான்சிஸ் டெங் என்பாரின் பொறுப்பில் உருவான அந்நெறிகள், மீள்குடியேற்றத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் இடம்பெயர்ந்தோர் தாமே முழுமையாகப் பங்குகொள்ள வழிசெய்ய வேண்டும் என்கின்றன. நெறி எழுதுவது எளிது. அதற்குரிய சோதனை இலங்கையில் நேர்ந்தது. 2009இல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று இலட்சம் தமிழர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றுள் பெரிதாகிய மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. முள்கம்பிக்குள் தமிழர் நின்ற படங்களைக் கண்டு மலேசியத் தமிழ் அமைப்புகள் கொதித்தெழுந்தன, கூட்டம் நடத்தின, நிதி திரட்டின. அக்கொதிப்பு உண்மையானது, வேண்டியதும்கூட. ஆயினும் அக்கூட்டங்கள் நடந்த மண்டபங்களுக்கு அருகிலேயே, தம் இளமையை முள்கம்பிக்குள் கழித்த முதியோர் வாழ்ந்தனர். அவர்களை மேடையேற்றி, ‘நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்’ என்று கேட்கும் எண்ணம் அமைப்பாளர்க்கு ஏன் தோன்றவில்லை?

இலங்கையிலிருந்தே மற்றொரு சான்றையும் கொள்ளலாம்; அது கேட்பதற்கு இனிதன்று. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரை விடுதலைப்புலிகள் வெளியேற்றினர். தமிழ் பேசும் மக்கள், தமிழ் பேசும் படையினரால், தம் ஊர்களை இழந்து புத்தளம் பகுதியில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்காகப் பேச நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை. இறுதியில் பொது அமைப்பினரும் கல்வியாளரும் சேர்ந்து குடிமக்கள் ஆணையம் ஒன்றை அமைத்தனர். ஊர் ஊராகச் சென்று பெயர்ந்தோரின் வாய்மொழிகளைக் கேட்டுப் பதிந்த அவ்வாணையத்தின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. அரசு கேட்காதபோது குடிமக்கள் கேட்டனர். தம் இனத்தார் செய்ததாயினும் கேட்டனர். மலேசியத் தமிழ் வாசகர்க்கு வன்னி முகாம் தெரிந்த அளவு புத்தளம் முகாம் தெரியாது. எவருக்காகப் பேசுகிறோம் என்பதைப் போலவே எவரைப் பேசாது விடுகிறோம் என்பதும் ஒரு சமூகத்தின் தரத்தைக் காட்டும்.

வடசிலாங்கூரில் இன்னும் காலம் முற்றிலும் கடந்துவிடவில்லை. 1950இல் பத்து வயதுப் பிள்ளையாயிருந்தவர் இன்று எண்பதைத் தாண்டியவர். பெஸ்தாரி ஜெயாவிலும் பத்தாங் காலியிலும் ரவாங்கிலும் அத்தகையோர் உளர். கோயில் நிர்வாகக் குழுக்கள் திருவிழாக் கணக்குகளை எழுதி வைப்பதுண்டு. கோயில் பழைய பிரிவிலிருந்து புதிய பிரிவிற்கு வந்த ஆண்டு அவற்றில் கிடைக்கலாம். தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் அதனினும் சிறந்த ஆவணம். எந்தப் பிள்ளை எந்த நாளில் எந்தத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தது, எந்த நாளில் விலகியது என்பது தலைமையாசிரியர் கையெழுத்தில் பதிந்திருக்கும். ஒரே கிழமையில் பல பிள்ளைகள் சேர்ந்திருந்தால் ஒரு பிரிவு பெயர்க்கப்பட்டது என்று பொருள். ஒரே கிழமையில் பலர் விலகியிருந்தால் தோட்டம் விற்கப்பட்டது என்று பொருள். கட்டடம் மாறும்போதும் அலமாரி மாறும்போதும் இப்பதிவேடுகள் பழைய தாளாகக் கருதப்பட்டுத் தூக்கியெறியப்படுகின்றன. எழுத்தாளர் சங்கங்கள் ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி நடத்துவதோடு ஒரு மாவட்டத்தின் பதிவேடுகளையேனும் படியெடுத்து வைத்தால், பின்வரும் நாவலாசிரியனுக்கு அது கைப்பொருளாகும்.

அப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளையும் படித்துப் பார்க்கலாம். தோட்டம் விற்கப்பட்டது, லயம் இடிக்கப்பட்டது, பால்மரம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்பு நிலமாயிற்று. நைஜல் கார்ட்னர் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயர் மட்டும் இன்றும் உள்ளது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் பலகை காத்து வைத்திருக்கிறது. அங்கே பால்வெட்டியவர்களின் பெயர்களோ பள்ளி அலமாரியில், பூச்சியரித்த பதிவேட்டின் ‘தந்தை பெயர்’ என்னும் கட்டத்தில் உள்ளன.